ஞாயிறு என்றால்

குடோனில் எனக்குத் தர வேண்டியது அறுநூற்று நாற்பது ரூபாய். போன மாதம் நான்கு ஞாயிறு இரவுகளில் மூட்டை இறக்கினேன். ஞாயிறுப் படி வந்தது. இரவுப் படி வரவில்லை. சம்பளப் புரோகிராம் எழுதிய அகிலா கணினியைக் காட்டினாள்.

"ஞாயிறான்னு முதல்ல பாக்கும்ணே. இல்லேன்னாதான் ராத்திரியான்னு கேக்கும். அப்படி எழுதிட்டேன்."

"ஞாயித்துக்கிழமைக்கு ராத்திரியே கிடையாதாம்மா? ரெண்டையும் தனித்தனியாக் கேக்க வையி."

இரண்டே வரிதான் மாற்றினாள். "இனிமே சரியா வரும்ணே. போன மாசக் கணக்கை மூடியாச்சு, திறக்க முடியாது."

மேலாளர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டால்தான் இந்த மாதச் சம்பளம். ஐம்பது வயதில் கற்ற எழுத்தைக் கூட்டிப் படித்தேன்: 'பாக்கி எதுவும் இல்லை.' கைநாட்டுக் காலமாக இருந்தால் தெரியாமலே வைத்திருப்பேன். முழுப் பெயரையும் எழுதினேன்.