அடைப்பு இல்லாத நெஞ்சு

ரங்கம்மாள் தலைத்துண்டை உதறிக் கொடுக்கிறாள். புருஷன் சகாதேவன் அதை வாங்கிக் கட்டிக்கொள்கிறான், மாத்திரையை வாங்கவில்லை. போன மாதம் நெஞ்சுவலியோடு மெட்ராஸுக்குத் தூக்கிப்போனபோது, வந்தது ஹார்ட் அட்டாக்தான், ஆனால் ரத்தக் குழாயில் அடைப்பில்லை, மாத்திரையை நிறுத்தாதே என்றார் டாக்டர். ஊருக்குள் ‘அடைப்பில்லை’ என்பது மட்டும் வந்து சேர்ந்தது. “குழா சுத்தமா கீதுன்னு படம் புட்ச்சே காட்டிட்டாங்க அண்ணி. நல்லா கீற மனுசன நீதான் நோயாளி ஆக்குற,” என்று கொழுந்தன் பச்சைமுத்து சிரித்தபடி படகைத் தள்ளுகிறான். “ஒரு நாள் குந்துனா இன்னா கொறஞ்சிடும்?” என்கிறாள் புருஷனிடம். “இன்னிக்கி அந்த எடத்துல வல வளைக்க நம்ம பாடு, நம்ம மொற. விட்டா ஊர் மொத்தமும் சுத்திதான் திரும்ப வரும். மாத்திரைய வந்து போட்டுக்கறேன்.”

ஏரியின் மேல் வெயில் தகரம்போல் பரவிக் கிடக்கிறது. கரையில் நிற்கும் ரங்கம்மாளுக்குக் கூப்பிடு தூரத்தில் இருவரும் இறங்கி வலையை வளைக்கிறார்கள். வலை குறுகக் குறுக இறால் துள்ளி மினுங்குகிறது. சகாதேவன் நெஞ்சில் கை வைக்கிறான். வியர்வையைத் துடைக்கிறான் என்றே அவள் நினைக்கிறாள். மறுகணம் அவன் நின்ற இடத்தில் ஆள் இல்லை. பச்சைமுத்து வலையை விட்டுவிட்டு அவனை அள்ளி நிமிர்த்துகிறான். ரங்கம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்தே போய்ச் சேர்கிறாள். மூச்சில்லை. அங்கே ஆழம் எப்போதும்போல இடுப்பளவுதான்.