ஹில்மாரின் கக்கூஸ் கதவு

இந்தக் காலத்து ஜனங்களுக்குத் துருப்பிடித்த எதைப் பார்த்தாலும் கண் கலங்கிவிடுகிறது. ஒரு முள்கம்பி, நெளிந்த தகரம் ஒன்று போதும். மெழுகுவத்தி ஏற்றி, படம் பிடித்து, அப்புறம் போய் உட்கார்ந்து வாஃபிள் தின்கிறார்கள்.

ஹில்மார் கிழவர் இப்படி முணுமுணுத்தபடிதான் தன் தோட்டத்துக் கக்கூஸ் முன்னால் நின்றிருந்தார். அருங்காட்சியகத்துப் பெண் சுன்னிவா, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அதன் கதவைத் தடவிக்கொண்டிருந்தாள்.

யுத்தத்தின்போது அது கைதி முகாமின் கதவு. வடக்கு நார்வேயில் ரோடு வெட்டுவதற்காக ஜெர்மன்காரன் செர்பியாவிலிருந்து ஆட்களைப் பிடித்து வந்து அதற்குப் பின்னால்தான் அடைத்தான். யுத்தம் முடிந்ததும் சர்க்கார் முகாமை ஏலம் விட்டது. ஊரே பிய்த்துக்கொண்டு போனது. ஒருத்தனுக்கு மாட்டுத்தொழுவம், இன்னொருத்தனுக்குப் படகுக் கொட்டகை. ஹில்மாரின் அப்பாவுக்கு இந்தக் கதவு.

மற்றவர்கள் சிவப்புச் சாயம் அடித்து மறந்துபோனார்கள். ஹில்மார் சோம்பேறி. வெளிப்பக்கம், கைதிகளை உள்ளே போட்டுப் பூட்டிய இரும்புப் பட்டை இருந்த துளைகள் அப்படியே தெரிந்தன.

"மிஞ்சினது இது ஒண்ணுதான், ஹில்மார். குடுத்துடுங்க. புதுக் கதவு மாட்டித் தர்றோம்."

"எண்பது வருஷத்து நாத்தம் இருக்கு. பரவாயில்லையா?"

அவள் சிரிக்கவில்லை. வெளியே பட்டையைத் திரும்பப் பொருத்துவார்களாம். உள்ளே இருக்கிற பித்தளைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுவார்களாம். அது பிற்பாடு வந்தது, முகாமுடையது இல்லையே.

"அப்போ கிடையாது, போ."

"காரணமாவது சொல்லுங்களேன்."

சொன்னால் எழுதி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுவாள்.

எழுபதுகளில் ஒரு கோடையில் வுகாஷின் என்ற செர்பியாக்காரர் மனைவியோடு காரில் வந்தார். தான் அடைபட்டுக் கிடந்த இடத்தைப் பார்க்க வந்தவருக்கு வெறும் புல்தான் கிடைத்தது. ஹில்மார் வீட்டில் காப்பி குடித்தார். குடித்த காப்பி வேலையைக் காட்ட, கக்கூஸ் எங்கே என்று சைகையில் கேட்டார்.

கதவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். துளைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஹில்மாருக்கு அவமானத்தில் காது சுட்டது.

உள்ளே அப்போது தாழ்ப்பாள் கிடையாது. ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

அந்த மனுஷன் திரும்பிப் போய்க் காரைக் கிளப்பினார். மனைவி மேஜையிலேயே உட்கார்ந்திருந்தாள். டவுன் கடையிலிருந்து பித்தளைத் தாழ்ப்பாளோடு வந்தார். ஹில்மாரிடம் திருப்புளி வாங்கி, கதவின் உட்பக்கம் தானே முடுக்கினார். உள்ளே போனார். டக்கென்று தாழ் விழுந்தது.

வெகுநேரம் வரவில்லை. ஒருவரும் போய்த் தட்டவில்லை.

"எங்ககிட்ட பத்திரமா இருக்கும், ஹில்மார்" என்றாள் சுன்னிவா.

இருக்கும், வெளிப்பக்கம் பட்டை போட்டு, என்று நினைத்துக்கொண்டு கிழவர் உருளைக்கிழங்குப் பாத்தியைப் பார்த்து நடந்தார்.