முடிவுக்கு ஐந்து மதிப்பெண்

2024 நவம்பர் 16, சனிக்கிழமை, முற்பகல் பதினொன்றரை. மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடி. நாவல் போட்டிக்கு வந்த இருபத்தேழு பிரதிகளில் மேசைமீது மிஞ்சியிருந்தவை இரண்டு.

“மூணு நாளா எனக்குத் தூக்கமே இல்ல, டீச்சர். இந்தக் கிரகத்துல மனுஷன் இருப்பானா?” என்று ஒரு பிரதியைத் தள்ளி வைத்தார் சுகுமாறன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், போட்டியின் மூத்த நடுவர்.

“தூங்க விடாத நாவலுக்குத்தானே சார் பரிசு கொடுக்கணும்?” என்றார் தாமரை, இன்னொரு நடுவர். கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்.

போட்டியை நடத்தும் சங்கத்தின் செயலாளர் விமலன் வடைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். “சீக்கிரம் முடிங்க சார். ஜெயிக்கிற நாவல் மட்டும்தான் புத்தகமா வரும். அச்சகத்துல திங்கக்கிழமை கேட்டிருக்காங்க.”

மிஞ்சிய இரண்டில் ஒன்று, காஜாங் ஊரில் சாத்தே என்ற கம்பியில் சுட்ட இறைச்சி விற்கும் கடையில் தொடங்கி பத்துமலைப் படிக்கட்டில் முடியும் காதல் கதை. ஐம்பது பக்கத்துக்கு ஒரு முறை மழை பெய்தது. மற்றது ‘சாம்பல் பருவம்’. ஓயாமல் சாம்பல் கொட்டும் ஒரு கிரகம். மூச்சுவிடக் காற்று இருப்பது ஒரு பெரிய கண்ணாடிக் கூடத்துக்குள் மட்டும். கதாநாயகன் அந்தக் கூடத்துக்கு வெளியே, கவச உடையில், பதினோரு வருடமாக அதன் கண்ணாடியைத் துடைக்கிறான்.

“துடைக்கிறவங்க குழாய்க்காத்துல தூங்குற அந்த கன்டெய்னர் சீன் படிச்சீங்களா?” தாமரை பக்கத்தைத் தேடி எடுத்தார். “ஒரே பாயில மூணு பேரு ஷிப்டு போட்டுத் தூங்குறாங்க. ‘அந்தப் பாய் ஒரு நாளும் குளிர்ந்ததில்லை’ன்னு ஒரு வரி. என்ன கற்பனை சார்!”

“கற்பனை நல்லாத்தான் இருக்கு. செராஸ் ஜெயராஜோட கற்பனை. அந்த எழுத்தாளரை விட்டா நம்ம ஊர்ல வேற யாரு கதையில ராக்கெட் விடுறா?”

“ஜெயராஜ் எழுதியிருந்தா முதல் பக்கத்துலயே நாலு பேர் கதாநாயகனுக்குப் பொன்னாடை போர்த்தியிருப்பாங்க.”

விமலனுக்குப் புரையேறியது.

“பந்தயம் கட்டுறீங்களா?” என்றார் சுகுமாறன். “ஜெயராஜா இருந்தா மத்தியானம் பனானா லீஃப் சாப்பாடு உங்க செலவு.”

“இல்லன்னா உங்க செலவு. மட்டன் வறுவலோட.”

எழுதியவர் யார் என்று மூவருக்குமே தெரியாது. பிரதியில் புனைபெயர் மட்டும்தான். உண்மைப் பெயரும் விவரமும் ஒட்டிய உறைக்குள், விமலனின் இழுப்பறையில் இருந்தன. மதிப்பெண் போட்ட பிறகே அதைப் பிரிக்கலாம்.

“ஜெயராஜோ எவனோ, அந்த முடிவை என்னால ஒத்துக்க முடியல,” என்றார் சுகுமாறன். “பெரிய புயல் வருது. இவன் ஓடி வந்து கதவைத் தட்டுறான். உள்ள இருக்கிறவங்க என்ன பண்றாங்க? விதிப்புத்தகத்தைப் புரட்டுறாங்க. கூடத்துல பிறந்தவங்களுக்கு மட்டும்தான் கதவு திறக்கலாம்னு போட்டிருக்கு. ‘பாவம், நல்லா துடைப்பான்’னு சொல்லிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிடுறாங்க. நாவல் முடிஞ்சிபோச்சு. நடக்குமா?”

“ஏன் சார் நடக்காது?”

“வில்லனுங்கன்னா சரி. இந்த ஆளு அவங்களை நல்லவங்க நல்லவங்கன்னு இருநூறு பக்கத்துக்கு எழுதுறாரு. நல்லவங்க இருக்கிற எடத்துல ஒருத்தனாச்சும் எழுந்து கதவைத் திறக்க மாட்டானா? முப்பத்து மூணு வருஷம் வாத்தியாரா இருந்தவன் சொல்றேன், மனுஷன் அவ்வளவு மோசம் இல்ல லா. நம்புற மாதிரியே இல்ல. முடிவுக்கு அஞ்சு மார்க் கட்.”

சிவப்பு மையால் குறைத்தார். குறைத்த பிறகும் ‘சாம்பல் பருவம்’ 91. காதல் கதை 78.

“இதுக்கு மேல பேச என்ன இருக்கு? உறையைப் பிரிங்க விமலன், பசிக்குது,” என்றார் தாமரை.

விமலன் உறையைக் கிழித்துப் படிவத்தை விரித்தார். மேலிருந்து கீழே ஒரு முறை படித்தார். மறுபடியும் மேலே போனார்.

“என்ன தம்பி, ஜெயராஜ்தானே?”

“இல்ல சார். முகமது ரஃபீக்னு போட்டிருக்கு.”

“கேள்விப்பட்டதே இல்லையே. எங்க இருக்காரு?”

“நாலாம் நம்பர் கன்டெய்னர், கட்டுமானத் தளம், கிள்ளான். வேலை, மாடிக் கட்டடங்கள்ல கண்ணாடி துடைக்கிறது.” விமலன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அடையாள அட்டை ஐசி நம்பர் எழுதுற எடத்துல பாஸ்போர்ட் நம்பர் இருக்கு. ‘மலேசியக் குடிமகனா?’ங்கிற கேள்விக்கு, ‘இல்லை. சொந்த ஊர் ராமநாதபுரம். இங்கே வந்து பதினோரு வருடம்’னு எழுதியிருக்காரு.”

தாமரை பிரதியை மூடினார். “மூணாவது விதி என்ன சொல்லுது?”

“குடிமக்கள் மட்டும்தான் கலந்துக்கலாம். போன வருஷம் சார் சொல்லித்தான் சேர்த்தோம்.”

“ஒரே ஒரு தடவை அதைத் தள்ளி வச்சா என்ன சார்?”

“இவருக்காகத் தள்ளி வச்சா அடுத்த வருஷம் எல்லாரும் வந்து நிப்பாங்க டீச்சர்.” சுகுமாறன் படிவத்தை வாங்கி ஒரு முறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “பாவம், நல்லா எழுதுறான்.”

விமலன் படிவத்தை உறைக்குள் திரும்பச் செருகினார்.

“சரி, பந்தயத்துல தோத்தது நான்தான். வாங்க, சாப்பிடப் போவோம்,” என்றார் சுகுமாறன்.

தாமரை கைப்பையை எடுத்துக்கொண்டார். விமலன் மின்விசிறியை நிறுத்தினார்.

வாசல்வரை போன சுகுமாறன் திரும்பி வந்து மதிப்பெண் தாளை இழுத்தார். ‘சாம்பல் பருவ’த்தின் முடிவுக்குக் குறைத்திருந்த ஐந்து மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்து, 91ஐ 96 ஆக்கிக் கையெழுத்திட்டார். முதல் பரிசு, 78 மதிப்பெண் பெற்ற காதல் கதைக்கு அறிவிக்கப்பட்டது.