காலிக் கட்டிலில் எழுபத்திரண்டு

கட்டிலில் யாரும் இல்லை. தலைமாட்டுக் கருவி மட்டும் நாடித் துடிப்பு எழுபத்திரண்டு என்று காட்டிக்கொண்டிருந்தது.

"அப்பாவை அடக்கம் பண்ணி ஒரு வாரம் ஆச்சு மேடம்," என்றாள் மகள், குரலைத் தாழ்த்தி. "அம்மா இதை அணைக்க விட மாட்டேங்கறாங்க. ராப்பகலா பக்கத்துலயே உட்கார்ந்திருக்காங்க. கரண்ட் போனா, பேட்டரி தீர்ந்துடுமோன்னு தவிக்கறாங்க. எனக்கு இந்த ரூமுக்குள்ள வரவே பயமா இருக்கு."

கருவி செய்த கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் பெண் குனிந்து பார்த்தாள். விரலில் மாட்டும் கிளிப் வெறும் தலையணைமேல் கிடந்தது.

"அணைக்காம பாரு," என்றாள் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இன்ஜினியர் தன் லேப்டாப்பைக் கருவியோடு இணைத்தாள். சிறிது நேரத்தில் பிடிபட்டது. உள்ளே இருப்பது ஆர்ம் என்ற வகைச் சிப். துடிப்பை அளக்கும் நிரலைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் கம்பைலரின் ஒரு ஆப்ஷனிலும், அதைத் திரையில் காட்டும் நிரலை வேறொன்றிலும் தயாரித்திருந்தார்கள். இரண்டையும் சேர்க்கும்போது எச்சரிக்கை வந்திருக்கும். அதையும் யாரோ இன்னொரு ஆப்ஷன் போட்டு வாயடைத்திருந்தார்கள்.

"அம்மா, இது அவர் இல்ல," என்றாள் இன்ஜினியர் மெதுவாக. "தசம எண்ணைக் கைமாத்த சிப்புக்குள்ள ரெண்டு இடம் இருக்கு. ரெண்டு பைன்னு வச்சுக்குங்க. துடிப்பு இருக்கறவரைக்கும் ரெண்டுலயும் ஒரே எண்தான். துடிப்பு நின்னா, அளக்கற நிரல் பூஜ்யத்தை ஒரு பைல மட்டும் போடுது. திரை இன்னொரு பைல கைய விட்டு, பழைய எண்ணை எடுத்து..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள்.

"எடுத்துக் காட்டுது," என்று அம்மா முடித்தாள். "அவர் போன அன்னிக்கும் காட்டிச்சு. எழுபத்திரண்டு இருக்கே, தூங்கட்டும்னு போர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்."

மகள் அம்மாவின் பக்கத்தில் வந்தாள். "ஏம்மா எங்கிட்ட சொல்லல? உனக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன்."

"சொல்லிட்டுப் போ. அணைச்சுப் போட்டா இது சரியாயிடும். அப்புறம் வர்றவங்க, நல்லாத்தானே இருக்குன்னு போயிடுவாங்க." அம்மா முதன்முறையாக இன்ஜினியரைத் திரும்பிப் பார்த்தாள். "பார்த்துட்டேல்ல? எழுந்திரு கண்ணு. இதே பெட்டி வேற வீட்லயும் இருக்கும். அங்க ஒருத்தி இதை நம்பிப் பக்கத்துல உட்கார்ந்திருப்பா."