செவ்வாய்க்கிழமை வந்த கடல்

இப்போதெல்லாம் வேதாரண்யம் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள், பஜ்ஜியில் கை வைக்கும் முன் வாசலில் மண்ணைச் சோதிக்கும் கருவியின் குழாயை இறக்கிவிடுகிறார்கள். கடல் எப்போதெல்லாம் வீட்டுக்குள் வந்தது என்று மண் அடுக்கு தேதியோடு சொல்லிவிடும். கடல் புகுந்த வீட்டில் யாரும் சம்பந்தம் வைப்பதில்லை.

தமயந்தி வீட்டு மண்ணைப் படித்த கருவி, "கடைசியாகக் கடல் வந்தது, போன செவ்வாய்" என்றது.

பையனின் அப்பா ஏகாம்பரம் தட்டைத் தள்ளி வைத்தார். "மறைச்சுட்டீங்களே சார்!"

"நீங்க வர்றீங்கன்னு அப்பா வாசல்ல கடல் மணல் கொட்டினாருங்க. டிராக்டர்லதான் வந்துச்சு," என்றாள் தமயந்தி. அவளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. மண்ணுக்குத்தான் பிடிக்கவில்லை.

"மண்ணு பொய் சொல்லாதும்மா."

"அப்ப இன்னும் ஆழமா இறக்குங்க."

இறக்கினார்கள். முன்பும் இரண்டு முறை கடல் வந்திருந்தது. ஒன்று அக்கா கல்யாணத்துக்கு முந்தின நாள், இன்னொன்று அத்தை கல்யாணத்துக்கு முந்தின நாள். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படங்களில் பந்தலும், பந்தலடியில் புது மணலும், தேதியும் இருந்தன.

ஏகாம்பரம் படங்களைப் பார்த்தார். தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்குக் கடல் முகூர்த்தம் பாத்துத்தான் வருது போல. வைகாசியில என்னைக்கு வருதுன்னு கேட்டுச் சொல்லுங்க, சம்பந்தி."