பாதி டாங்க்

பழைய ஜீப் ஒன்றில் டீசல் அளவு காட்டும் முள்ளும் ஃபோர்வீல் லீவரும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. ஓனர் ராயப்பன் தன் மச்சானுக்கு முன்னால் சேற்றில் ஏறிக் காட்டுவதற்காக லீவரைப் போட்டவர், திருப்பி எடுக்க மறந்துவிட்டார். அன்றிலிருந்து தார் ரோட்டிலும் நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தன. டீசல் கரைந்தது.

முள் இறங்கும்போதெல்லாம் ராயப்பன் அதன் கண்ணாடியில் ஓங்கித் தட்டுவார். "இதுதான் பொய் சொல்லுது!"

"அண்ணே, குடிக்கிறது நீங்க, அடி எனக்கா?" என்றது முள்.

"நான் என்ன தம்பி செய்ய? வர்றவங்ககிட்டயெல்லாம் என்னைத் தடவிக் காட்டிப் பெருமை பேசுறாரு. எடுக்க மட்டும் தோண மாட்டேங்குது," என்றது லீவர்.

மைலேஜ் கூடட்டும் என்று ராயப்பன் ஃபில்டரை மாற்றினார், நாசிலை மாற்றினார். முள் இறங்கியது, அடி விழுந்தது. ஒருநாள் வலி பொறுக்காமல் முள் பாதி டாங்கிலேயே நின்றுகொண்டது.

ராயப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. "மைலேஜைப் பாத்தீங்களா மச்சான்!" என்று மச்சானை ஏற்றிக்கொண்டு மலை ஏறினார். நடுவழியில் வண்டி நின்றது.

"டீசல்தான் பாதி டாங்க் இருக்கே! இறங்கித் தள்ளுங்க மச்சான்," என்றார்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லேன் தம்பி," என்றது லீவர்.

"வேணாம்ணே," என்றது முள். "இப்பத்தான் அவருக்கு என்னைப் பிடிச்சிருக்கு."