குண்டூசி வீடு

கல்வி அலுவலகச் சுவரில் தெர்மாகோல் அட்டை மேல் ஊர் வரைபடம் ஒட்டியிருந்தது. ஒன்றாம் வகுப்புக்குப் போகவேண்டிய நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் அவரவர் வீட்டில் ஒரு குண்டூசி குத்தி, எந்தப் பள்ளிக்கூடம் கிட்டமோ அதன் பக்கம் சேரும்படி அமலோற்பவம் சிவப்புக் கோடு இழுத்திருந்தாள். மூன்று வாரத்து வேலை. அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இனிமே ஒரு ஊசியும் அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் மகளோடு வந்து நின்றாள். கோடு அவர்கள் தெரு நடுவே போயிருந்தது. மகள் அஃப்ராவுக்கு ஒரு பள்ளிக்கூடம், எதிர்வீட்டு துர்காவுக்கு வேறொன்று.

"ரெண்டும் ஒரே தட்டுல சாப்பிடுறதுங்க மேடம். இவ தனியா எங்கயும் போக மாட்டா."

"தூரம் என்ன சொல்லுதோ அதான்மா. நான் என்ன பண்ண முடியும்?" என்ற அமலோற்பவம் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினாள். "இது உங்க வீடு. இது துர்கா வீடு."

அஃப்ரா நாற்காலியில் ஏறினாள். தன் ஊசியைப் பிடுங்கி, துர்காவின் ஊசி நின்ற அதே ஓட்டையில் செருகினாள். இறங்கிக் கையைக் கவுனில் துடைத்துக்கொண்டாள்.

அமலோற்பவம் அந்தத் தெருவின் ஊசிகளை எண்ணினாள். பதினொன்று. முன்பும் பதினொன்றுதான். வராந்தாவில் அதிகாரியின் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் கட்டைவிரல் நகத்தால் பழைய ஓட்டையைத் தேய்த்து மூடினாள்.

அஃப்ராவின் அம்மா வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப எங்க வீடு எங்க மேடம்?"